கோகோ நிற்கும் தோப்பில் கிழட்டுத் தென்னையை மாற்றும்போது

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வயதான தென்னைக்கு அடியில் கோகோ நன்றாகக் காய்க்கும் தோப்புகள் உண்டு. அங்கே தென்னையை ஒரே மூச்சில் வெட்டிச் சாய்க்காதீர்கள். நிழல் போனால் கோகோ இலை கருகும், தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். முதலில் தென்னம்பிள்ளை வையுங்கள், அப்புறம்தான் வெட்டு.

25 அடிக்கு 25 அடித் தோப்பில், கோகோ வரிசை இரண்டு தென்னை வரிசைக்கு நடுவே ஓடினால், பிள்ளைக்கு இடம் தென்னை வரிசையிலேயே இருக்கிறது. இரண்டு பழைய மரங்களுக்குச் சரிபாதியில் மூன்றடிக் குழி எடுங்கள். பிள்ளை கோகோ வரிசையிலிருந்தும் பழைய மரத்திலிருந்தும் பன்னிரண்டரை அடி விலகியிருக்கும். பழையது போன பிறகும் இடைவெளி 25 அடியாகவே நிற்கும். தொழுவுரம், செம்மண், மணல் சமமாகக் கலந்து இரண்டடிக்கு நிரப்பி நடுங்கள். முதல் வருடம் வளர்ந்த மரத்துக்கான உரத்தில் கால் பங்கு, அடுத்து அரை, பிறகு முக்கால், நான்காம் வருடம் முதல் முழு அளவு.

பலர் தவறுவது கவாத்தில், அதாவது கிளை வெட்டுவதில். பிள்ளையின் பக்கம் நீளும் கோகோக் கிளையை விட்டுவைத்தால் பிள்ளை வெளிச்சம் தேடி மெலிந்து நீளும். குருத்திலிருந்து மேலே பார்த்தால் வானம் தெரிய வேண்டும்.

வருடத்துக்கு இருபது காய்கூடத் தராத மரங்களை முதலில் எடுங்கள். மற்றவற்றைப் பிள்ளை தேறத் தேற, மூன்று தவணையாக. மரத்தை முழுதாகச் சாய்க்கவே கூடாது: வரிசையோடு விழுந்தால் பிள்ளை போகும், குறுக்கே விழுந்தால் கோகோ போகும். கோகோ பூப்பது அடிமரத்திலும் பெருங்கிளையிலும்தான். பட்டை உரிந்த இடத்தில் இனிக் காய் இல்லை. ஆகவே கோகோ பறிப்பு முடிந்ததும் ஆள் ஏற்றி மட்டை, கொண்டை இறக்கி, தண்டைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்குங்கள். கூலி கூடும், ஆனாலும் இதுதான் லாபம்.

துண்டுகளைத் தோப்பில் மட்க விடாதீர்கள். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது துளைப்பது பக்கத்திலிருக்கும் இளங்குருத்தை. அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு நுழைந்தால் மரமே போய்விடும். வண்டைத் தடுக்க, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, தென்னையின் உள் மட்டைக் கக்கங்களில் போடுங்கள்.

கோகோக் காய் கறுத்து அழுகினால் அன்றே பறித்துப் புதையுங்கள். அந்த அழுகலைத் தரும் பைட்டோப்தோரா என்ற கிருமிதான் தென்னையில் குருத்தழுகலையும் உண்டாக்குகிறது; மழைக்காலத்தில் பிள்ளைதான் முதலில் சிக்கும்.