மயக்க ஊசியும் மாட்டின் வீணீரும்

முட்கம்பி வேலியைப் பாய்ந்ததில் எங்கள் பசுவின் காம்பு ஒன்று கிழிந்துவிட்டது. ஒட்டுசுட்டான் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. காயம் பழசாகுமுன் தைக்க வேண்டும்.

வந்த கால்நடை வைத்தியர் முதலில் கேட்டது, "சினையோ?" அவர் போடவிருந்த சைலசின் என்ற மயக்க மருந்து கருப்பையைச் சுருங்க வைக்குமாம், நிறைமாதம் என்றால் ஆபத்து. இல்லை என்றோம். ஊசியில் எடுத்த மருந்தைப் பார்த்ததும் எனக்கு ஐமிச்சம்: இவ்வளவு பெரிய உடம்புக்கு இத்துனூண்டா? குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும் என்றார்.

சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் தலை தொங்கி, மாடு படுத்துவிட்டது. அப்புறம்தான் வீணீர். கயிறு கயிறாக வழிந்து நிலத்தில் குட்டையே கட்டியது. மாமி பதறிவிட்டா. "வயலுக்கு அடிச்ச மருந்தைக் குடிச்ச மாடு மாதிரியெல்லோ கிடக்கு!"

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், காரணம் வேறு. பூச்சிமருந்துகளில் ஒரு வகை நரம்பு வழியாகச் சுரப்பிகளை முடுக்கிவிடும். உமிழ்நீர் உண்மையாகவே பெருகும். மாடோ சும்மா இருக்கும்போதே ஒரு நாளைக்கு 100 லீற்றருக்கு மேல் சுரக்கும். விழுங்கிக்கொண்டே இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. சைலசின் மூளையை மந்தமாக்க, விழுங்குவது தளர்ந்து எல்லாம் வெளியே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இதே விதமாக மூளையில் வேலை செய்யும் குளோனிடின் என்ற பிரஷர் மருந்து மனிதருக்கு வாயை வறள வைக்கும்.

"அட்ரோப்பின் போட்டு நிப்பாட்டேலாதோ, டொக்டர்?" என்று கேட்டேன். பூச்சிமருந்து நஞ்சுக்கு அதுதான் மருந்து என்று கேள்விப்பட்டிருந்தேன். இங்கே வேண்டாம் என்றார். மாட்டில் அது உமிழ்நீரை முழுக்க நிறுத்தாது, பசையாக்கிவிடும். தொண்டையில் ஒட்டினால் மூச்சுக்குத்தான் கேடு. இரைப்பையும் அசையாமல் நின்று வயிறு ஊதும்.

ஆகவே மருந்தில்லாத வேலை என் தலையில் விழுந்தது. மாட்டை நெஞ்சில் படுக்கவைத்து, கழுத்துக்குக் கீழே வைக்கல் அடைத்த சாக்கை வைத்து, தொண்டை மேலேயும் வாய் கீழேயும் இருக்கும்படி பிடித்துக்கொண்டேன். நீர் உள்ளே திரும்பி நுரையீரலுக்குப் போகக் கூடாது. இடப்பக்க வயிறு ஊதுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பின்காலை இழுத்துக் கட்டி, விறைப்பு ஊசி போட்டு, அவர் தைத்து முடித்தார். இடையில் மாடு மூத்திரத்தால் என் சாரத்தை நனைத்தது. அதுவும் இந்த மருந்தின் குணமாம்.

எழும்பித் தள்ளாடாமல் நின்று, ஒழுங்காக விழுங்கும் வரை தண்ணீர்கூட வைக்கவில்லை. மற்றக் காம்புகளில் கறந்த பாலை, வைத்தியர் சொன்ன நாள் வரை விற்காமல் ஊற்றினோம்.