அட்வான்ஸ் கரையும் மாதங்கள்

ஜூன் 8, 2025, ஞாயிறு

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். பழைய வண்ணாரப்பேட்டையில் தெருக்காரர்கள் சிலர் மாதாமாதம் காசு போட்டு நடத்தும் எங்கள் வாடகை உதவி நிதிக்கு வேலை சூடுபிடிப்பது இப்போதுதான். டெர்ம் ஃபீஸ் கட்டியவர்கள் இந்த மாத வாடகையைத் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டுக்காரரிடம் சொல்வது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க."

என்னைக் கேட்டால், ஒரு குடும்பம் தெருவுக்கு வருவது அங்கேதான் ஆரம்பம். ஆறாயிரம் வாடகை, ஐம்பதாயிரம் அட்வான்ஸ் என்றால் எட்டு மாதம் ஓடும். சண்டை இருக்காது, யாரும் விரட்ட மாட்டார்கள். ஒன்பதாவது மாதம் சாவியைக் கேட்பார்கள். கையில் திரும்பி வருவது சொற்பம். அடுத்த வீட்டுக்காரரும் ஐம்பதாயிரம் கேட்பார். முதல் மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை எல்லாம் சேர்ந்தால் அறுபதாயிரத்தைத் தாண்டும். மாதம் ஆறாயிரத்தை எப்படியோ கட்டிவந்தவர் இதை ஒரே நாளில் எங்கே போய்ப் புரட்டுவார்?

ஜூன் 15, ஞாயிறு

கூட்டம். பொருளாளர் அண்ணன் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். உதவி கேட்டு யார் வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி: "அடுத்த மாசம் எப்படிக் கட்டுவீங்க?" கேட்கிற தொனி எனக்குப் பிடிக்காது. கேள்வி சரியான கேள்விதான்.

இட்லிக்கடை அக்காவின் கணவர் கட்டட வேலையில் சாரத்தில் இருந்து விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செலவில்லாமல் முடிந்துவிட்டது. படுத்திருக்கும் மாதங்களின் கூலிக்குத்தான் வழியில்லை. கடையை அக்கா நடத்துகிறார், அது சாப்பாட்டுக்குச் சரியாகப் போகிறது. இரண்டு மாத வாடகை, பன்னிரண்டாயிரம், வீட்டுக்காரம்மா கணக்குக்கே நேராக அனுப்புவது என்று முடிவு. அட்வான்ஸைத் தொடக்கூடாது, அதுதான் நிபந்தனை.

இன்னொரு குடும்பம், அச்சகத்தில் வேலை போனவர், ஏழு மாத பாக்கி. பொருளாளர் முடியாது என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அக்காவின் வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனோம். கீழே மூன்று போர்ஷன், பொதுக் குளியலறை. அந்த வாடகையில்தான் அந்த அம்மாளே பிழைக்கிறார். இப்படிப்பட்டவர்களை வில்லியாக்கிப் பேசுவது எனக்கு ஒப்பாது. "எனக்கும் மருந்து வாங்கணும்ல?" என்றார். நியாயம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்யவைக்க வாடகை நீதிமன்றம் போக வேண்டும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி விரட்டக்கூடாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் எல்லாமே வாய்வார்த்தைதான். (கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று சப்மீட்டர் பார்த்து வாங்குவது தனிக்கதை. அரசு தரும் இலவச யூனிட் குடியிருப்பவரை எட்டுவதே அபூர்வம்.) அதனால் நாங்கள் சட்டம் பேசவில்லை. அட்வான்ஸ் முழுசாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டோம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆடிக்கு நாலு நாள். காலி பண்ணச் சொல்கிறவர்கள் அதற்குள் பண்ணச் சொல்வார்கள். அச்சகக்காரர் குடும்பம் நேற்று சாமான்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டது. உறவினர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பீரோவும் மூட்டைகளும். பெரியவர்கள் வாசலில் படுக்கிறார்கள்.

வீடில்லாதவர்களுக்கான மாநகராட்சிக் காப்பகத்தைப் பற்றிச் சொன்னேன். லட்சம் பேருக்கு ஒன்று வீதம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 வாக்கில் சொன்னதில் இருந்து காப்பகங்கள் கூடியிருக்கின்றன, தனி ஆட்களுக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் பெரும்பாலும் ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு ஓரிடம். அவருடைய மனைவி, "பையன் பதிமூணு வயசு, அவனை எங்கே சேர்ப்பாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஜனவரியிலேயே எங்களிடம் வந்திருந்தால் ஒரு மாத வாடகையோடு முடிந்திருக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இனி ஒரு மாதத்துக்கு யாரும் வீடு மாற மாட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கும் அது தெரியும்: இப்போது காலியானால் ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். பேரம் பேச இதைவிட நல்ல மாதம் கிடையாது. பாக்கி உள்ள இரண்டு வீடுகளுக்குப் பொருளாளர் இன்றே கிளம்பிவிட்டார். "ஆடித் தள்ளுபடி துணிக்கடையில மட்டும்தானா?" என்றார். மனிதர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு வீட்டில் பாக்கியை ஐந்து தவணையாக்கிக்கொண்டார்கள். மற்றதில் கதவே திறக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது, டு-லெட் பலகைகள் வந்துவிட்டன. இட்லிக்கடை அக்கா இந்த மாத வாடகையில் பாதியைத் தாமே கட்டிவிட்டார், மீதி இருபதாம் தேதிக்குள். அவர் கணவருக்கு உட்கார்ந்து செய்யும் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது.

அச்சகக்காரருக்கு மணலிப் பக்கம் நாலாயிரத்துக்கு ஒரு வீடு பார்த்தோம். அட்வான்ஸ் இருபதாயிரம். அவருக்கு இப்போது கூரியர் வேலை, பத்தாயிரம் புரட்டிவிட்டார். பாக்கிப் பத்தாயிரத்தை நிதியில் இருந்து கடனாகக் கொடுக்கலாம் என்றேன். கொடுத்தால் கையிருப்பு மூவாயிரத்துச் சொச்சம்தான் என்று பொருளாளர் எதிர்த்தார். கை தூக்கச் சொன்னோம், தீர்மானம் நிறைவேறியது. தம் எதிர்ப்பை நோட்டில் எழுதச் சொல்லி எழுதவைத்தார். அப்புறம் அவரே செக் எழுதினார், வீட்டுக்காரர் பெயருக்கு.

செப்டம்பரில் இருந்து ஆளுக்கு மாதம் 200-ஐ 300 ஆக்குவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும். இரண்டு பேர் இப்போதே முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.