இறக்கத்தில்தான் எடை தெரியும்

வெள்ளியங்கிரி ஏழாம் மலையில் விடியலைப் படமெடுக்க, இரவிலேயே ஏறத் தொடங்க வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் கிளம்புமுன் பையை ஒருமுறை எடை போட்டுப் பார்ப்பது நல்லது. நிக்கான் டி850 கேமரா பேட்டரியோடு 1005 கிராம். தூரத்து விலங்குகளைக் கிட்டே காட்டும் 200-500 லென்ஸ் 2300. அகன்ற காட்சிக்கான 24-70 லென்ஸ் 1070. முக்காலி 2 கிலோ, காலிப் பையே 2 கிலோ, தண்ணீர் 2 லிட்டர். பத்து கிலோ தாண்டிவிட்டது. ஸ்வெட்டரும் சாப்பாடும் இன்னும் உள்ளே போகவில்லை.

பலரும் முதலில் தண்ணீரைத்தான் குறைக்கிறார்கள். அது தவறு. குறைக்க வேண்டியது லென்ஸை. விடியலுக்குப் போகிறோமா, வரையாட்டுக்குப் போகிறோமா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் ஒரு லென்ஸ் போதும். உதயத்துக்கு முந்தைய இருட்டில் நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரை நெடுநேரம் திறந்துவைப்பது) தேவையில்லை என்றால் முக்காலியும் வேண்டாம். பாறைமேல் மடித்த ஸ்வெட்டரை வைத்து அதில் லென்ஸை ஊன்றினால் நன்றாகவே நிற்கும்.

அடுத்தது பையின் இடுப்புப் பட்டை. இதைத் தொப்பைக்கு மேல் கட்டுவதுதான் வழக்கமான பிழை. இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, பட்டையின் நடு அதன்மேல் உட்காரும்படி முதலில் அதை இறுக்க வேண்டும். பையின் தோள் வார்களை அதன் பிறகுதான் இழுக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போனால் பாரம் தோளிலேயே நிற்கிறது, வார் தோள் நரம்பை அழுத்துகிறது என்று பொருள். கனமான லென்ஸ் முதுகை ஒட்டி, பையின் நடுவில் இருக்கட்டும். வெளிப்பக்கம் போனால் பை பின்னால் இழுக்கும், உடம்பு முன்னால் குனியும்.

ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். ஒவ்வொரு படியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பையின் எடையையும் அதுவே தாங்குகிறது. அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை இறங்கும்போது சற்று மேலே பிடித்து, தடியை முதலில் ஊன்றி, பிறகு காலை வைக்க வேண்டும். கேமராவைக் கழுத்தில் தொங்கவிடக் கூடாது. ஆடுவதைவிடப் பெரிய தொல்லை, காலடிப் படியை அது மறைத்துவிடும். கிட்டப் பார்வைக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடி என்றால் கீழ்ப்பாதி வழியே படி மங்கலாகத் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும்.

ஆறு வாரம் முன்பே மாடிப்படியில் பழகலாம். கேமராவுக்குப் பதில் பையில் தண்ணீர் பாட்டில்கள். முதல் இரண்டு வாரம் மொட்டைமாடிச் செடிகளுக்கு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். மூன்றாம் வாரத்திலிருந்து அரை லிட்டர் அரை லிட்டராக, இறங்கும்போதும் சுமந்து பழக வேண்டும்.