நைனாவுக்கு சுகர் சென்சார்: சரியான போன் தேடிய அனுபவம்

எங்கள் நைனா இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். விடியற்காலையில் சுகர் இறங்கி, வேர்த்துக் கொட்டி எழுந்து உட்காருவது அடிக்கடி நடக்க ஆரம்பித்தது. மேல்கையில் ஒட்டும் லிப்ரே மாதிரி சென்சார் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ரெண்டு வாரம் போலக் கையிலேயே இருக்கும், சுகர் இறங்கினால் போன் கத்தும்.

எந்தப் போன் கத்தும் என்பதில்தான் விஷயம். எந்தெந்தப் போனில் ஓடும் என்று சென்சார் கம்பெனி தரும் பட்டியலைத் திறந்தால் மாடல் பெயர்களும் ஆண்ட்ராய்டு பதிப்புகளும் வரிசையாக நிற்கின்றன. நைனாவின் போன் அதில் இல்லை. புளூடூத் எல்லாப் போனிலும் உண்டு. ஆனால் இந்த வகை சென்சாரை முதலில் உயிர்ப்பிக்க என்.எஃப்.சி. வேண்டும், அதாவது கடையில் கார்டைத் தட்டிப் பணம் கட்டுகிற மாதிரி, பக்கத்தில் கொண்டுபோனால் பேசிக்கொள்ளும் வசதி. நம் ஊரில் விற்கிற விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. ஒரே பெயரில் வெளிநாட்டில் விற்கும் போனில் இருக்கும், இங்கே வருவதில் இருக்காது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வோம்.

வேலூரில் ஒரு செல்போன் கடையில் கேட்டேன். "இப்ப வர்ற எல்லாத்துலயும் இருக்குது சார்" என்றார் பையன். பர்ஸிலிருந்து வைஃபை மாதிரி கோடு போட்ட ஏடிஎம் கார்டை எடுத்து, அவர் நீட்டிய போனின் முதுகில், கேமரா பக்கமாக வைத்தேன். சத்தமே இல்லை. செட்டிங்ஸில் தேடியும் என்.எஃப்.சி. என்ற வரி இல்லை. கொஞ்சம் விலை கூடின இன்னொன்றில் கார்டை வைத்ததும் 'டொய்ங்' என்றது. பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது, வாங்கிவிட்டேன். புதுப்போன் வேண்டாமென்றால் தனியாக ரீடர் கருவியும் உண்டு. ஆனால் போனில் தொடங்கிய சென்சாரை அப்புறம் ரீடரில் படிக்க முடியாது. முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

ஒட்டுவது ஒரு நிமிஷ வேலை. போனைக் கையருகே கொண்டுபோனதும் அதிர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து எண் வந்தது. "இவ்ளோதானா? ஊசி வலியே இல்லியே" என்றார் நைனா.

இழுத்தடித்தது செட்டிங்ஸ்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் பின்னணியில் ஆப்பை அணைத்துவிடுகிறது. அலாரமும் அதோடு போச்சு. பேட்டரியில் 'கட்டுப்பாடு இல்லை', ஆட்டோ ஸ்டார்ட், தொந்தரவு வேண்டாம் முறையிலும் ஒலிக்க அனுமதி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டேன். போனை ஹாலில் வைத்துவிட்டு நைனா மொட்டை மாடிக்குப் போனால் சிக்னல் அறுந்துவிடும். இப்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். நைனாவின் சுகர் எண்ணைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் செய்கிற என் போனுக்கு என்.எஃப்.சி. தேவையில்லை, அவர் போனில் நெட் ஓடினால் போதும்.

ஒரு ராத்திரி 62 என்று அலறியது. அம்மா சர்க்கரைத் தண்ணியோடு ஓடிவந்தாள். நைனா சென்சார் கை அடியில் மாட்டும்படி ஒருக்களித்துப் படுத்திருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 104. அழுத்தினால் இப்படிக் குறைத்துக் காட்டுமாம். குளுக்கோமீட்டர் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது.

போனில் ஆண்ட்ராய்டு அப்டேட் ஒன்று வந்து காத்திருக்கிறது. அந்தப் பதிப்பு கம்பெனி பட்டியலில் ஏறும்வரை தொடப்போவதில்லை. தானாக ஏறுவதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.