பெயர் பொருந்தும் வரை

சவூதி அரேபியாவின் ரியாத்தில், இந்தியத் தூதரகத்தின் சமூக நலப் பிரிவில் உள்ளூர்ப் பணியாளனாக எட்டு வருடம் வேலை பார்த்தேன். எம்பஸி என்றதும் ஊரில் பலருக்குக் கொடி பறக்கும் காரும் சுதந்திர தின விருந்தும்தான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கவுண்டரும், ஓயாமல் அடிக்கும் போனும், கோப்புகள் அடைத்த இரும்பு அலமாரியும். அந்தக் கோப்புகளில் நிறைய, இறந்துபோனவர்களுடையவை.

சேர்ந்த புதிதில், எல்லாருக்கும் எல்லாம் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தூதரகங்கள் தம் குடிமக்களுக்கு என்னென்ன செய்யலாம் என்பதை 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. பாஸ்போர்ட் கொடுக்கலாம், பிறப்பு இறப்பு பதியலாம், சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்க்கலாம், வக்கீல் வைக்க உதவலாம். தீர்ப்பை மாற்ற முடியாது. கஃபீல், அதாவது விசா கொடுத்துக் கூட்டிவந்த முதலாளி, கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அவர் கையைப் பிடித்துப் போட வைக்க முடியாது. "நம்ம அரசாங்கம்தானே சார், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதல் ஆறு மாதம் தவித்தேன். அப்புறம்தான் புரிந்தது, எங்கள் வேலையின் பெரும்பகுதி ஒரு ஆள் யார் என்று காகிதத்தில் நிரூபிப்பது. நிரூபித்துவிட்டால் பாதிக் கதவுகள் தானாகத் திறக்கும்.

2013 கோடையை மறக்க முடியாது. சவூதிக்காரர்களுக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டத்தை இறுக்கியிருந்தார்கள். அதோடு, இக்காமா என்ற குடியிருப்பு அட்டையில் எந்த முதலாளி பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அபராதம் இல்லாமல் போக ஜூலை 3 வரை கெடு கொடுத்து, பிறகு நவம்பர் 3 வரை நீட்டினார்கள். பாஸ்போர்ட் கஃபீலிடம் மாட்டிக்கொண்டவர்கள், வேலையை விட்டு ஓடியதாக ஹுரூப் போடப்பட்டவர்கள் எல்லாரும் எங்கள் வாசலில் நின்றார்கள். அவர்களுக்குத் தேவை அவசரகாலச் சான்றிதழ், அவர்கள் பேச்சில் அவுட்பாஸ். இந்தியாவுக்கு ஒரே ஒரு முறை பயணம் செய்ய மட்டும் உதவும் காகிதம்.

அதைக் கொடுப்பதற்கு முன் வந்தவர் இந்தியர்தானா என்று உறுதி செய்ய வேண்டும். தமிழ் பேசினால் போதாது. இலங்கை மலையகத்துக்காரர் ஒருவர் தமிழ்க் குரல் கேட்ட தைரியத்தில் எங்கள் வரிசையில் வந்து நின்றார். தண்ணீர் கொடுத்து, அவர்கள் தூதரகத்துக்கு வழி சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. மனசு கேட்கவில்லை, ஆனால் அவருக்கான காகிதம் எங்களிடம் இல்லை.

ஆடு மேய்க்கும் ஒருவர் வந்தார். டிரைவர் வேலை என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பியிருக்கிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நகல் கூட எதுவும் இல்லை.

"எந்த ஊர்ண்ணே?"

"கள்ளக்குறிச்சி பக்கம் சார்."

"பக்கம்னா?"

"சின்னசேலம் பஸ்ல ஏறி, பாதி வழியில இறங்கி நடக்கணும்."

எந்தப் போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் கடை எங்கே, ஓட்டு எந்தப் பள்ளிக்கூடத்தில் போட்டார் என்று கேட்டுக்கொண்டே போனேன். நான்கு வருடமாக ஆடுகளோடு மட்டும் பேசிய மனிதர். ஒவ்வொரு பதிலுக்கும் முன் சற்று நேரம் வாயை மட்டும் அசைத்தார், சொல்லைத் தேடுவது போல. அவர் மனைவி ரேஷன் கார்டை பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் எடுத்து அனுப்ப இரண்டு நாள் ஆயிற்று. விண்ணப்பத்தில் பெருவிரலை வைத்தபோது ரேகை சரியாக விழவில்லை, தோல் அப்படித் தேய்ந்திருந்தது. மூன்றாவது முறைதான் விழுந்தது.

பெயர் விவகாரம்தான் தமிழர்களை அதிகம் படுத்தும். நமக்கு ஒரு பெயர், ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகும். இக்காமாவில் அது முன்னால் வந்து உட்காரும். அரபியில் ஆங்கில P ஒலியே கிடையாது, B-தான் உண்டு; குறில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதுவதும் இல்லை. பெருமாள் அங்கே B-யில் தொடங்கும் பிருமால். அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது பர்மல். உயிரோடு இருக்கும்வரை யாரும் பொருட்படுத்துவதில்லை. இறந்தால், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மருத்துவமனை அறிக்கையில் ஒரு பெயர், போலீஸ் அறிக்கையில் ஒரு பெயர். மூன்றும் பொருந்தாமல் உடல் விமானம் ஏறாது.

கசீம் பகுதியில் பேரீச்சந்தோட்டத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். மாரடைப்பு. உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கம் செய்யவா என்று குடும்பம் எழுதித் தர வேண்டும். அதற்காக அவர் மனைவிக்கு மருத்துவமனை அறிக்கையில் இருந்த பெயரைப் படித்துக் காட்டினேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அண்ணே, பேரு வேறயா இருக்கே. அப்ப ஆளும் வேறயா இருக்குமில்ல?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பெயரை நான் அப்படியே படித்திருக்கக் கூடாது. அடுத்த நாளிலிருந்து தினமும் காலை 9 மணிக்குக் கூப்பிட்டார், ஊரில் அப்போது பதினொன்றரை. அதே பகுதியில் புரைதா நகரத்தில் கடை வைத்திருந்த ஒரு தமிழர், தன் வேலையை விட்டுவிட்டு, பிணவறைக்குப் போய் இடது புருவத் தழும்பைப் பார்த்து வந்து சொன்னார். இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். ஒரு பைசா வாங்க மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் பெரிய நாட்டில் எங்கள் பிரிவு ஒரு நாள்கூட ஓடியிருக்காது. தழும்பைப் பற்றி நான் சொன்ன அன்று அந்தத் தங்கச்சி அழவில்லை. "சரிண்ணே, அனுப்பி வைங்க" என்றார்.

மருத்துவமனையில் பெயரைத் திருத்தி, போலீஸில் திருத்தி, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, ஆட்சேபணை இல்லை என்று நாங்கள் கடிதம் கொடுத்து, உடல் பதப்படுத்தப்பட்டு விமானம் ஏற 23 நாள் ஆயிற்று. முதலாளி செலவை ஏற்கவில்லை. இந்திய சமூக நல நிதியிலிருந்து கொடுத்தோம். 2009இல் தொடங்கிய நிதி அது. தூதரகச் சேவைகளுக்கு வருகிறவர்கள் கட்டும் சின்னக் கூடுதல் கட்டணம்தான் அதற்கு முக்கிய வருமானம். கவுண்டரில் "இது எதுக்கு சார்?" என்று சில ரியாலுக்காகச் சலித்துக்கொள்பவர்களிடம், நான் அந்த 23 நாளைப் பற்றிச் சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

சவூதிக்கு வரும் எவரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பாஸ்போர்ட், ஒப்பந்தம் இரண்டின் நகலையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். இக்காமா கையில் வந்ததும் அதன் நகலையும் வீட்டுக்கு அனுப்புங்கள்; அதிலுள்ள பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள், அரபி தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். சம்பளம் மூன்றாம் மாதம் நிற்கும்போதே தூதரகத்துக்கு வாருங்கள். பதினெட்டாம் மாதம் வந்தால், அதற்குள் முதலாளி ஹுரூப் போட்டிருப்பார், அதை உடைப்பதிலேயே எங்கள் சக்தி போய்விடும்.

அந்தத் தோட்டக்காரருக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கியையும் பணிக்கொடையையும் வாங்க இன்னும் பதினான்கு மாதம் அலைந்தோம். வாரிசுச் சான்றிதழ் வந்து, பணம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக அவர் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டதற்கான ரசீது திரும்பி வந்தபோது பிரித்துப் பார்த்தேன். தமிழில் கையெழுத்து. கணவர் பெயர் என்ற இடத்தில், அவரே தன் கையால், இனிஷியலோடு முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தார். கோப்பில் மேலாக அதை வைத்து, நூலைக் கட்டி அலமாரியில் வைத்தேன்.