பிப்ரவரி 29-இல் கல்லூரியை விட்டேன்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பத்தாம் நாள் அது. 2024 பிப்ரவரி 29, வியாழக்கிழமை. அம்மா வேலையை விட முடியாது, குடும்பத்தின் மருத்துவ இன்ஷூரன்ஸே அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கப் பகலில் ஓர் ஆள் வேண்டும். என்னைத் தவிர யாருமில்லை. மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே போனில் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் 'லீவ் ஆஃப் ஆப்சன்ஸ்' படிவத்தை நிரப்பி அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைச் சரிக்கட்ட எனக்குப் பதினைந்து மாதம் ஆனது.

அமெரிக்காவில் அரசின் கல்வி உதவி வாங்கிப் படித்து, நடுவில் நிறுத்தவேண்டி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பம் கிரீன் கார்டில் இருக்கிறது, அதனால்தான் எனக்குப் பெல் கிராண்டும் (திருப்பிக் கட்டவேண்டாத அரசு உதவித்தொகை) அரசுக் கடனும் கிடைத்தன. எஃப்-1 விசா மாணவர்களின் கதை வேறு. அவர்கள் ஒரு வகுப்பை விடுவதற்கு முன்னால்கூடப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டுவிட வேண்டும்.

முதலில் 'லீவ்' என்ற சொல்லில் ஏமாந்தேன். கல்லூரி லீவ் என்கிறதே, திரும்பி வரும்வரை எல்லாம் அப்படியே காத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உதவித்தொகைச் சட்டத்தில் லீவுக்கு வேறு இலக்கணம்: 12 மாதத்துக்குள் 180 நாளுக்கு மேல் கூடாது, செமஸ்டர் முறைக் கல்லூரி என்றால் விட்ட பாடத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். செமஸ்டர் நடுவில் போய் அடுத்த செமஸ்டரில் வருகிறவனுக்கு அது எப்படி நடக்கும்? ஆக, பதிவாளர் அலுவலகத்தில் நான் லீவில் இருந்தேன், ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் படிப்பை விட்டவன் ஆகிவிட்டேன்.

ஏப்ரலில் கல்லூரியிலிருந்து பில் வந்தது. 1,980 டாலர்.

இந்தக் கணக்கு யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லாதது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த செமஸ்டருக்குப் பெல் கிராண்ட் 2,000, அரசுக் கடன் கைக்கு வந்தது 2,000, மொத்தம் 4,000 டாலர். கல்லூரிக் கட்டணம் 3,600. மீதி 400 புத்தகத்துக்கென்று என் கணக்குக்கு வந்து எப்போதோ செலவாகிவிட்டது. செமஸ்டர் ஜனவரி 16 முதல் மே 3 வரை, 109 நாள். வசந்த விடுமுறை 9 நாளைக் கழித்தால் 100. நான் விட்டது 45-ஆம் நாள். கொடுத்த உதவியில் 45 சதவீதம்தான் நான் 'சம்பாதித்தது', 55 சதவீதம் திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. அந்த 55 சதவீதத்தைக் கட்டணமான 3,600-க்குப் போட்டால் 1,980. அதைக் கல்லூரி 45 நாளுக்குள் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். முதலில் கடனைத்தான் அடைப்பார்கள், கிராண்ட் அதற்குப் பிறகுதான். அனுப்பிவிட்டு, தங்கள் கட்டணத்தில் இப்போது 1,980 குறைகிறதே என்று என்னிடம் கேட்டார்கள். கல்லூரியின் கட்டணத் திருப்பிக் கொடுப்புக்கான வாரங்கள் தாண்டிப் போயிருந்தன.

"கடனைத்தானடா திருப்பிக் குடுத்துட்டாங்க, அப்புறம் எதுக்குப் பணம் கேக்குறாங்க?" என்றார் அம்மா. அதே கேள்விதான் எனக்கும். பட்டம் வாங்கி ஆறு மாதம் கழித்து நிதானமாகக் கட்டவேண்டிய கடன், இன்றே கட்டு என்கிற கடனாக மாறியிருந்தது, அவ்வளவுதான். கட்டாதவரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவுசெய்ய முடியாதபடி கணக்கில் ஹோல்டும் போட்டுவிட்டார்கள்.

கிராண்ட் பக்கம் மட்டும் தப்பித்தேன். மாணவன் கையிலிருந்து கிராண்டைத் திரும்பக் கேட்கும்போது அந்தக் கிராண்டில் பாதி வரைக்கும் பாதுகாப்பு உண்டு. மொத்தம் 4,000-இல் 55 சதவீதம் 2,200; கல்லூரி அனுப்பிய 1,980 போக மீதி 220, அதில் 20 கடன், 200 கிராண்ட். ஆக, கிராண்டில் என் பங்கு 200 டாலர், பாதுகாப்பு 1,000. ஆகவே கேட்கவில்லை.

எரிச்சல் வருவது இனிமேல்தான். செமஸ்டரில் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழு உதவியும் சம்பாதித்ததாக ஆகிவிடும். என் காலண்டரில் 61-ஆம் நாள் மார்ச் 25. இருபத்தைந்து நாள். அதில் ஒன்பது நாள் விடுமுறை. பேராசிரியர்களிடம் பேசி, இரண்டு பாடத்தையாவது பிடித்துக்கொண்டு அந்த நாளைத் தாண்டியிருக்க முடியுமா என்று இரவில் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அப்பாவை அந்த நிலையில் பார்த்தவனுக்கு முடிந்திருக்காது என்றும் தோன்றுகிறது. ஆனால் படிவம் அனுப்புமுன் எய்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிவெடுத்தது நானாக இருந்திருக்கும்.

சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று என்னிடம் ஒருவன் கேட்டான். வேண்டாம். எல்லாப் பாடமும் எஃப் (தோல்வி) ஆகும், வகுப்புக்கு வந்த ஆதாரம் இல்லையென்றால் பெரும்பாலும் செமஸ்டரின் நடுநாளில் விட்டதாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். பில்லும் வரும், மதிப்பெண்ணும் போகும்.

1,980-ஐ மாதம் 220 என்று ஒன்பது தவணையாகக் கட்டினேன். அப்பா மதியம் தூங்கும் நேரத்தில் ஒரு கடையில் சரக்கு அடுக்கும் வேலை. கடைசித் தவணை டிசம்பரில். இடையில் ஆகஸ்டும் போய்விட்டது, அது தனி நஷ்டம். படிப்பை விட்டபின் அரசுக் கடனுக்கு ஆறு மாதம் கிரேஸ் காலம் உண்டு, அதுவரை தவணை கட்டவேண்டாம். அது முடிவதற்குள் குறைந்தது பாதி நேர மாணவனாகத் திரும்பியிருந்தால் அந்த ஆறு மாதம் பட்டத்துக்குப் பிறகு முழுதாக மறுபடி கிடைத்திருக்கும். ஹோல்டு இருந்ததால் இலையுதிர்கால செமஸ்டருக்குப் பதிவுசெய்ய முடியவில்லை, கிரேஸ் தீர்ந்தது, மாதம் 60 டாலர் போலத் தவணை தொடங்கியது. இனி பட்டம் வாங்கிய மறுநாளே பழைய கடன்களுக்குத் தவணை ஓடத் தொடங்கும்.

2025 ஜனவரியில் திரும்புவதற்காக நவம்பரிலேயே ஃபாஃப்சா (அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) போட்டேன். 2024-25 படிவத்தை 2025 ஜூன் 30 வரை போட முடிந்தது, தாமதமாகிவிட்டதே என்று நான் விட்டுவிடவில்லை. அது 2022 வருமானத்தைக் கேட்டது. அந்த வருடம் அப்பா முழுச் சம்பளம் வாங்கியவர். காகிதத்தில் நாங்கள் வசதியானவர்கள். எய்ட் அலுவலகத்தில் 'ஸ்பெஷல் சர்க்கம்ஸ்டன்சஸ்' மனு கொடுத்து, அப்பாவின் வேலை நின்ற கடிதத்தை வைத்தேன். கணக்கை மாற்றினார்கள், பெல் கிராண்ட் கூடியது. யாராவது கேட்டால்தான் இதைச் செய்வார்கள், தாமாகச் செய்வதில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது 'சாப்' வந்தது, உதவி வாங்குகிறவன் ஒழுங்காகப் படிக்கிறானா என்று பார்க்கும் சோதனை. என் மதிப்பெண் சராசரி 4-க்கு 3.1, அதில் குறையில்லை. ஆனால் பதிவுசெய்த கிரெடிட்டில் எத்தனை முடித்தாய் என்றும் பார்க்கிறார்கள். டபிள்யூ (நடுவில் விட்டதற்கான குறி) போட்ட பாடம் சராசரியைத் தொடாது, இந்தக் கணக்கில் மட்டும் எடுத்து முடிக்காததாக நிற்கும். நான்கு செமஸ்டரில் 60 கிரெடிட் எடுத்து முடித்தது 39. 65 சதவீதம். வேண்டியது 67. முன்பே இரண்டு பாடங்களை அலட்சியமாக விட்டிருந்தேன், அதில் ஒன்றை முடித்திருந்தாலே தப்பித்திருப்பேன். அதற்கு அப்பாவின் நோயைச் சாக்குச் சொல்ல முடியாது.

உதவி நிறுத்தம். மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். நான்கு பக்கம் எழுதினேன். ஆம்புலன்ஸ், ஐசியூ, அம்மாவின் அழுகை எல்லாம் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணி நல்லவர். "என்ன நடந்தது என்று புரிகிறது. இப்போது என்ன மாறியிருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே" என்றார். இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். அப்பா வாக்கர் பிடித்துத் தானாக நடக்கிறார், தெரபி வாரம் இரண்டு நாள், அம்மா இரவு ஷிப்டுக்கு மாறிவிட்டார், என் வகுப்புகள் காலை பத்திலிருந்து இரண்டு வரை. கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி, தெரபிஸ்ட் கடிதம், அம்மாவின் ஷிப்ட் அட்டவணை. முன்பு விட்ட இரண்டு பாடங்களைப் பற்றியும் மழுப்பாமல் இரண்டு வரி. வகுப்பு தொடங்க நான்கு நாள் இருக்கும்போது அனுமதி வந்தது. ஒரு செமஸ்டர் புரொபேஷன்: 12 கிரெடிட் எடு, ஒன்றையும் விடாதே, எதிலும் சி-க்குக் கீழே இறங்காதே.

கடன் தவணை, நான் மறுபடி மாணவன் என்று கல்லூரி தெரிவித்ததும் தானாக நின்றது. சில வாரம் ஆயிற்று, அதுவரை கட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

மே மாதம் மதிப்பெண் வந்தது. 72-க்கு 51, 70.8 சதவீதம். அந்த வாரமே அடுத்த ஆண்டு ஃபாஃப்சாவுக்கு உட்கார்ந்தோம். அம்மா தன் பக்கத்துக்கு ஒப்புதல் கொடுக்கவேண்டும், பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மேசையின் அந்தப் பக்கமிருந்து அப்பா இடது கையால் ஒரு பழைய கவரை எங்கள் பக்கம் தள்ளினார். பின்புறத்தில் கோணல்மாணலாக எழுதிவைத்திருந்தார்.