ரைடு சைடு தேறிவிட்டது

மூன்று வாரம் மல்லுக்கட்டி, அமெரிக்க ராக் குழு ஆர்.இ.எம்.மின் பழைய கேசட்டை நேற்று ராத்திரி பாடவைத்துவிட்டேன். 1992இல் வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' ஆல்பம். துபாயில் இருந்த பெரிய காக்கா (அண்ணன்) லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. ஏ, பி என்று போடாமல் டிரைவ் சைடு, ரைடு சைடு என்று பக்கங்களுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். இப்போதைக்குத் தேறியது ரைடு சைடு.

கீழக்கரை உப்புக்காற்றில் டேப் தப்பித்துவிட்டது. டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பேட்தான் போய்விட்டது. தகடு பச்சை பூத்து, அதிலிருந்த குட்டித் துணி கழன்று கூட்டுக்குள் கிடந்தது. கூட்டில் திருகாணியே இல்லை, ஒட்டிய கூடு. ஓரத்தைப் பிளேடால் கீறிப் பிரித்து, ஐந்து திருகாணி வைத்த வெற்று கேசட்டுக்குச் சுருளை மாற்றினேன். டேப் பறக்கும் என்று ஃபேனை நிறுத்தினால், வியர்வை அதன்மேல் சொட்டப் பார்க்கிறது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முடித்தேன்.

உயிரை வாங்கியது அசிமத், அதாவது டேப்புக்கு ஹெட் நேராக நிற்கும் கோணம். கூடு மாறியதும் வயலின் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஹெட் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகாணியை, காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருக வேண்டும். ஸ்டீரியோவில் காது ஏமாந்துவிடும். இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலக்கும் மோனோவில் போட்டுக் கேளுங்கள். ஹெட் மயிரிழை சாய்ந்திருந்தாலும் இரண்டு சேனலும் முன்பின்னாக வந்து, கீச்சு ஒலியை ஒன்றையொன்று தின்றுவிடும். பதினொரு தடவை திருகினேன். பன்னிரண்டாவதில் 'நைட்ஸ்விம்மிங்' பாட்டு திறந்துகொண்டது. குழுவின் மைக் மில்ஸ் வாசித்த பியானோவுக்கு அடியில், லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் அமைத்த தந்திகளில் வில் உரசுவதுகூடக் கேட்டது. கடைசியில் ஓபோ என்ற ஊதுகுழல் வந்தபோது உம்மா அடுப்படியிலிருந்து, "வாப்பா, இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றார்கள்.

பிளேயருக்குள் மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட் பற்றி ஒன்று. ஆன்லைனில் வாங்கியது இரண்டும் தொளதொளவென்று வந்து, பாட்டு ஆட்டம் போட்டது. பழைய பெல்ட்டைக் கையோடு மதுரைக்குக் கொண்டுபோய், அளவு வைத்துப் பார்த்து வாங்கியதுதான் பிடித்தது. பழசு தாராக உருகி ஒட்டுவதற்குள் கழற்றி வையுங்கள்.

அடுத்து பிக்ஸீஸ் குழுவின் 1989 ஆல்பம் 'டூலிட்டில்', பிறகு ரேடியோஹெட் குழுவின் 1997 ஆல்பம் 'ஓகே கம்ப்யூட்டர்'. இரண்டிலும் பேட் ஆடுகிறது. அதற்கு முன்னால் டிரைவ் சைடு இருக்கிறது. கேசட்டைத் திருப்பினால் டேப் உட்காரும் வாகு மாறி, அசிமத் மறுபடி விலகுகிறது. அதனால் திருகாணி அசையாமலிருக்க வைக்கும் நெயில் பாலிஷை இன்னும் வைக்கவில்லை.